உலக்கை இல்லாத எட்டு நிமிடம்

ரப்பர் என்று ஊரே அழைத்த அந்தச் சிரிப்பு நடிகரின் உடம்பில் ஒருமுறைகூட முறியாத எலும்பு மூன்றே மூன்றுதான் என்பது அவர் மனைவியின் கணக்கு. அதில் ஒன்று நாக்கு. நாக்கில் ஏது எலும்பு என்று யாராவது கேட்டுவிட்டால், "அதான் இன்னும் முறியாம இருக்கு" என்பாள்.

அவள் தையல்காரி. அவர் நெற்றியில் ஏழு தையல், புருவத்தில் மூன்று, மோவாயில் ஐந்து உண்டு. அவற்றில் ஒன்றுகூடத் தன் கைவேலை இல்லை, இத்தனை கோணலாகத் தனக்குப் போட வராது என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவைப்பாள். அவள் வேலை வேறு. அவருடைய கால்சட்டைக்குள் இடுப்புக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு இரண்டு எனப் பஞ்சு மெத்தை வைத்துத் தைப்பாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் இருபத்தாறு ஆண்டுகள் அடி வாங்கினார்.

அடி அவருக்குத் தானாகத் தேடி வந்தது. பதினெட்டு வயதில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கூலியாக இருந்தார். ஒரு நாள் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவை முதுகில் சுமந்து மூன்றாம் மாடி ஏறியபோது கால் தவறி, நாற்பத்திரண்டு படியும் பீரோவோடு உருண்டார். கீழே வந்து நின்றபோது கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதில் முகம் பார்த்து அவர் தலை வாரிக்கொண்டதாகவும் சொல்வார்கள். வீட்டுக்காரர் இறங்கி வந்து, மரத்தில் சிராய்ப்பு விழுந்துவிட்டது என்று ஓங்கி ஒன்று விட்டார். பையன் பம்பரமாக மூன்று சுற்றுச் சுற்றி பீரோவுக்குள்ளேயே போய் விழுந்தான், கதவும் சாத்திக்கொண்டது.

அதை மாடிப்படி வளைவில் நின்று பார்த்தவர் ஒரு நாடக நடிகர். பெயர் உலக்கை. தோளில் தொடங்கும் அவர் கை எங்கே முடிகிறது என்பதை முழங்காலிடம்தான் விசாரிக்க வேண்டும். அவர் பீரோவைத் திறந்து, "தம்பி, இன்னொரு தடவை விழு பாக்கலாம்" என்றார். பையன் பீரோவை மறுபடி மூன்றாம் மாடிக்குச் சுமந்து போய் மறுபடி விழுந்தான். உரலுக்குள் தலையை விட்ட கதை அன்று தொடங்கியது.

அதற்குப் பிறகு உலக்கை அடிப்பார், ரப்பர் விழுவார். மேடையிலும் அதுதான், சினிமாவிலும் அதுதான். படத்தில் உலக்கை முதலாளியாக வந்தால் ரப்பர் வேலைக்காரன். உலக்கை டாக்டராக வந்தால் ரப்பர் நோயாளி. ஒரு படத்தில் உலக்கை பிணமாக வந்தார். அதிலும் ரப்பருக்கு நாலு அறை விழுந்தது.

பார்ப்பவர்களுக்கு அது அடி. அவர்கள் இருவருக்கும் அது மூச்சுக் கணக்கு. உலக்கை கையை ஓங்கும்போது மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு இழுப்பார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ரப்பரின் கழுத்து திரும்பத் தொடங்கிவிடும். கை கன்னத்துக்கு அரை விரற்கடை தள்ளிப் போகும். அதே நொடியில் ரப்பர் தன் இடுப்பருகே இரண்டு உள்ளங்கைகளையும் தட்டுவார், 'பளார்' என்று கேட்கும். அடித்தவர் எழுப்பாத சத்தத்தை அடி வாங்கியவரே எழுப்பிக் கொடுப்பது அந்தத் தொழிலின் மரியாதை. இருபத்து மூன்று ஆண்டுகளில் உலக்கையின் விரல் ஒருமுறைகூட ரப்பரின் கன்னத்தில் பட்டதில்லை. எலும்பு முறிந்ததெல்லாம் விழுந்த இடத்தின் குற்றம்.

பிறகு ஒரு நாள் உலக்கைக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. படப்பிடிப்பில் அவர் வாயால் மூச்சை இழுத்துக் கையை வீசினார். வாய் மூச்சுக்கு ஏது சத்தம்? ரப்பர் மூச்சுக்காகக் காத்து நின்றார். கை வந்து இடது காதில் முழுதாக இறங்கியது. சுவர், விளக்கு, ஆட்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அப்படி ஒரு விழுகையை அவர்கள் பார்த்ததில்லை.

"இந்தக் காது முடிஞ்சுது" என்றார் டாக்டர். "அந்தப் பக்கத்துல இன்னும் ஒண்ணு விழுந்துச்சுன்னா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் எழுதித்தான் காட்டணும்."

சளி நாலு நாளில் போய்விட்டது. உலக்கை அதற்குப் பிறகும் மூக்கால் மூச்சு இழுக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் ரப்பர் பொறுத்தார். தாடையில் விழுந்தது. பிடரியில் விழுந்தது. ஒரு கடைவாய்ப் பல் எகிறி, விளக்குப் பிடிப்பவரின் தேநீர்க் குவளைக்குள் விழுந்தது. அவர் அதைச் சர்க்கரைக் கட்டி என்று நினைத்துக் கலக்கிவிட்டார். வலது காதை மட்டும் ரப்பர் தோளை உயர்த்திக் காத்துவந்தார். ஒரு நாள் மதிய இடைவேளையில் உலக்கையிடம் போனார்.

"அண்ணே, அந்த மூச்சை மட்டும் பழையபடி இழுங்கண்ணே. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஏன்டா, சனம் சிரிச்சுதா இல்லியா?"

"சிரிச்சுதுண்ணே."

"முன்னைவிட அதிகமாவா, கம்மியாவா?"

"அதிகமாத்தான்."

"அப்புறம் என்ன? உனக்குக் காது ரெண்டு இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரே பேரு."

அன்று சாயங்காலமே ரப்பர் விலகினார். உலக்கை ஒன்றும் தடுக்கவில்லை. "போடா, போ. சுவத்துல அடிச்ச பந்து திரும்பி வராமப் போகுமா? எங்க போனாலும் என் கைக்குத்தான் வரணும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது போலத்தான் ஆகும் என்று தோன்றியது. பத்து மாதம் ரப்பரை யாரும் கூப்பிடவில்லை. பதினோராம் மாதம் கதவைத் தட்டியவர், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து புதிதாகப் படம் எடுக்கக் கிளம்பிய ஓர் இயக்குநர். வேற்றுக்கிரகக் கதை, ஆனால் சிரிப்புப் படம். பணம் போடுகிறவர் பிரிட்ஜ் கடை முதலாளி.

"வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ற ஆளு சார் நீங்க. வேற கிரகத்துலேருந்து ஒண்ணு உங்க சமையல்கட்டுக்குள்ள வந்துடுது. எட்டு நிமிஷம் உங்களைப் போட்டு மிதிக்குது. ஒரே ஷாட். வெட்டே கிடையாது."

"யாரு அது? யாரு நடிக்கிறா?"

"யாரும் இல்ல சார். அது கண்ணுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது?"

இயக்குநர் தரையைப் பார்த்தார். "தெரிஞ்சா அதுக்கு மேக்கப் போடணும், உடுப்புத் தைக்கணும். முதலாளி ஒத்துக்கல."

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "ஏங்க, அடிக்க ஆளே இல்லாத வேலை. யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? சரின்னு சொல்லுங்க."

முதலாளியின் கிடங்கில்தான் செட். குளிர் செத்துப்போய் விளக்கு மட்டும் எரியும் பதினோரு பழைய பிரிட்ஜுகளை அடுக்கி விண்கலம் கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தால்தான் உள்ளே விளக்கு எரியும். ஆகையால் விண்கலம் ஒளிவிட வேண்டிய போதெல்லாம் பதினோரு கதவும் திறந்தன, பார்க்கிறவர்களுக்கு வேறொரு கிரகத்து முட்டைத் தட்டுகள் தெரிந்தன. பக்கத்தில் சமையலறை. மேஜை, அலமாரி, அறுபது பீங்கான் தட்டு, பிரிட்ஜிலிருந்து உருவிய கண்ணாடிப் பலகைகள். எல்லாம் ஒருமுறை உடைக்க மட்டுமே உண்டு. மறுமுறைக்கு ஒரு தட்டுகூடக் கிடையாது.

ஒத்திகையில் ரப்பர் நடுவில் நின்றார். இயக்குநர் கை காட்டினார். ரப்பர் விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். மூன்றாம் தரம் விழுந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. கழுத்து ஒரு நொடி பிந்தித் திரும்பியது, முட்டி ஒரு நொடி முந்தி மடங்கியது. யாரோ வந்து அடிப்பார்கள் என்று உடம்பு காத்திருந்தது, ஒருவரும் வரவில்லை.

முதலாளி முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது? கிரகவாசி அடிக்கிற மாதிரியா இருக்கு? பசி மயக்கத்துல விழற மாதிரி இருக்கு."

"நாளைக்கு வந்துடும் முதலாளி."

"நாளைக்கு வரட்டும். கூடவே உலக்கையையும் வரச் சொல்லியிருக்கேன். உங்களால முடியலைன்னா அவரே நேர்ல வந்து அடிக்கட்டும். கிரகவாசி கண்ணுக்குத் தெரிஞ்சா என்ன கெட்டுப் போச்சு? போஸ்டர்ல ரெண்டு பேரு இருந்தா நாலு டிக்கெட் கூடப் போகும்."

ஆக, நாளைக்கு அந்த எட்டு நிமிடத்தைத் தனியாக முடித்தால் ரப்பர் தனி ஆள். முடியாவிட்டால் உலக்கையின் கை, அதற்கடியில் மிச்சமிருக்கும் ஒற்றைக் காது.

வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி பஞ்சு மெத்தையைத் தைத்துக்கொண்டே கேட்டாள். அடுப்பில் வைத்த பால் தீய்கிற வாடை வந்தது. அவள் நிமிர்ந்து மூக்கால் சர்ரென்று மூச்சை இழுத்தாள்.

ரப்பர் முக்காலியோடு சுழன்றார். கழுத்து திரும்பியது, உள்ளங்கை பளாரென்றது, உடம்பு தையல் மெஷினைத் தாண்டிப் பறந்து, சுவரில் மோதி, துணிக் குவியலுக்குள் தலைகீழாக நின்றது. நெற்றியில் ரத்தம் கசிந்தது.

"என்னங்க ஆச்சு? நான் தொடக்கூட இல்லையே."

குவியலுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ரப்பர் எழுந்து, தன் மூக்கால் தானே ஒரு மூச்சை இழுத்துப் பார்த்தார். அடுத்த நொடி அலமாரிமேல் போய் விழுந்தார். இழுப்பதும் அவரே, விழுவதும் அவரே. வலது பக்கம் ஒன்று, வயிற்றில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. பால் தீய்ந்து பாத்திரம் கருகும்வரை அவர் அடி வாங்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "ஏம்மா, போதும்மா. மனுசன் செத்துரப் போறாரு. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கோங்க."

"நான் அடிக்கல அண்ணே."

"அப்ப யாரு அடிக்கிறா?"

"அது கண்ணுக்குத் தெரியாதாம்" என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்காரர் அன்று முதல் அவளிடம் மிகவும் பணிவாக நடந்துகொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேமரா ஓடத் தொடங்கியது. உலக்கை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதல் மூச்சு. ரப்பரின் தலை, யாரோ மயிரைப் பற்றி இழுத்தது போலப் பின்னுக்குப் போய் மேஜையில் இடித்தது. இரண்டாம் மூச்சு. வயிற்றில் குத்து விழ, கால் தரையை விட்டு எழும்பி, அலமாரியில் முதுகு மோதி, தட்டுகள் தோளிலும் தலையிலும் சரசரவென்று இறங்கின. காற்றைப் பிடித்துக்கொண்டு திருப்பி மூன்று குத்து விட்டார். காற்று அவரைப் பிடித்துக்கொண்டு முப்பது விட்டது. இழுப்பறைக்குள் விரலை வைத்து யாரோ அறைந்து சாத்தினார்கள். விரல் பக்கவாட்டில் வளைந்தது, அது நடிப்பில் சேர்ந்ததல்ல. கண்ணாடிப் பலகை வழியாகத் தலை உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிய, துடைக்கப் போன கையையே கிரகவாசி பிடித்து முறுக்கியது. தன் கையாலேயே தன் கன்னத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து என வாங்கினார். மேஜை இரண்டாகப் பிளந்தது. அதன் காலைப் பிடுங்கித் தன் விலாவில் தானே இறக்கியபோது 'நறுக்' என்றது.

கிடங்கில் சிரிப்பை அடக்க ஆளாளுக்கு வாயில் துணியைத் திணித்துக்கொண்டார்கள். விளக்குப் பிடித்தவர் கடித்த கடியில் துணி கிழிந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கான் பாத்தியா? எட்டடி இருப்பான் போல" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அது உலக்கையின் காதில் விழுந்தது. ஆறாம் நிமிடத்தில் அவர் கேமராவுக்கு முன்னால் நேராக நடந்து போனார். வாயால் மூச்சை இழுத்து, ரப்பரின் வலது காதைப் பார்த்து வீசினார்.

அந்த நொடியில் ரப்பர் தன் அடுத்த மூச்சை இழுத்திருந்தார். கழுத்து ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்ததால் கை காதைத் தவறவிட்டுத் தோளில் இறங்கியது. ரப்பர் தடுமாறி நிமிர்ந்தார். எதிரில் நின்றது காற்றல்ல, நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற ஆள்.

ரப்பருக்கு அடிக்கத் தெரியாது. இருபத்தாறு ஆண்டில் ஒரு கொசுவைக்கூட அவர் அடித்ததில்லை என்பார்கள். தரையில் கிடந்த வாணலியை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஜமுக்காளத்தைத் தட்டுவது போல வீசினார். முதல் வீச்சு உலக்கையின் வாயில் பட்டது. இரண்டாவது தாடையில். மூன்றாவது எங்கே பட்டது என்று இருவருமே பிறகு சொல்லவில்லை.

உலக்கைக்கோ விழத் தெரியாது. வாழ்நாளில் ஒருமுறையும் விழுந்ததில்லையே. முட்டியை மடக்கவில்லை, கையை ஊன்றவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை. நிற்க வைத்த கதவைத் தள்ளிவிட்டது போல மல்லாக்கச் சாய்ந்து, உடைந்த தட்டுகள்மேல் 'தொம்' என்று விழுந்தார். முன்பல் இரண்டும் உருண்டு ஓடி விண்கலத்துக்கடியில் போய்ச் சேர்ந்தன.

வாயில் திணித்த துணிகள் தெறித்து விழுந்தன. பிறகு கிடங்கின் தகரக் கூரை அதிரச் சிரிப்பு வெடித்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

உலக்கையைத் தூக்கி ஓர் இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, வாய்க்கு ஈரத்துணி கொடுத்தார்கள். முதலாளி குதிக்காத குறை. "இதான்யா படம். ஒண்ணையும் வெட்டாதே. கடைசில கிரகவாசி யாருன்னு பாத்தா நம்ம உலக்கை. ரெண்டு பேரு படத்தையும் போட்டு, 'மீண்டும் இணைந்தனர்'னு போஸ்டர் அடிக்கிறோம்."

இயக்குநர் ரப்பரைப் பார்த்தார். அப்படியே வைத்துக்கொள்ள அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

ரப்பர் புருவத்து ரத்தத்தைப் புறங்கையால் வழித்தார். "அது வேண்டாம் தம்பி. அழிச்சிடுங்க. முதல்லேருந்து எடுப்போம்."

"விளையாடறீங்களா?" என்றார் முதலாளி. "உடைக்க என்னய்யா இருக்கு? தட்டு போச்சு, கண்ணாடி போச்சு, மேஜை போச்சு."

"நான் இருக்கேன்ல."

காலையிலிருந்து கிடங்கு மூலையில் காத்திருந்த மனைவி ஊசியும் நூலுமாக வந்து அவர் சட்டையைத் தூக்கி, விலாவில் விரலால் அழுத்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவர் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணு போயிருக்கு. அதுக்குப் பக்கத்துலயும் விரிசல் மாதிரி இருக்கு" என்றாள்.

"மீதி?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். உலக்கை உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு கால்சட்டை இடுப்பிலிருந்து கிழிந்து தொங்கிய பஞ்சு மெத்தையை விலாமேல் இழுத்துவைத்துச் சட்டையோடு தைக்கத் தொடங்கினாள். "மீதி இருக்கு. இடது பக்கமா மட்டும் விழாதீங்க."

இயக்குநர் உடைசல்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சுற்றி வந்தார். "சார், வெறும் தரையில பண்ணிடலாம். ஆனா கடைசி அடிக்கு ஏதாவது ஒரு பொருள் வேணும். உடம்புமேல உடையற மாதிரி, இல்லைன்னா வளையற மாதிரியாவது."

ரப்பர் கிடங்கை ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு நொண்டிக்கொண்டே உலக்கைக்கு எதிரில் போய் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. நாற்காலி வேணும்."

உலக்கை ஈரத்துணிக்கு மேலாக அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பல் இல்லாத இடத்தில் காற்றுதான் வந்தது. மெல்ல எழுந்தார்.

ரப்பர் நாற்காலியைத் தூக்கி எடை பார்த்தார், தலையாட்டினார், தூக்கிக்கொண்டு போனார். அந்த எட்டு நிமிடமும் உலக்கை நின்றபடிதான் பார்க்க வேண்டியிருந்தது. உட்கார அங்கே உடையாத பொருள் வேறொன்றும் மிச்சமில்லை.